விம் வாங்கி வரவும்

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், என்னைப் பற்றி விசாரிப்பதற்காக மாமனார் எங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடைக்கு வந்திருந்தார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த என் ஜூனியர் ஒருவன், என் மேல் இருந்த பக்தியில், "அவரா? விம்முல கில்லாடி சார். கண்ண மூடிக்கிட்டே போடுவாரு" என்று சொல்லியிருக்கிறான். மாமனார் அன்றிரவே ஊருக்குப் போன் போட்டு, பையனுக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பாத்திரம்கூடத் தேய்ப்பாராம் என்று தெரிவித்துவிட்டார். அதற்குப் பிறகு என் சம்பளத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்யாணமான மூன்றாம் நாள், சாப்பாடு முடிந்து எல்லாரும் என்னையே ஆவலோடு பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பதினான்கு வருஷமாகக் குரோம்பேட்டை வீட்டில் ராத்திரிப் பாத்திரம் என் பொறுப்பு.

நான் கில்லாடி என்று பெயர் வாங்கிய விம் வேறு. அது ப்ரோக்ராம் எழுதுகிறவர்களின் எடிட்டர். 1976 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய 'வீ-ஐ' என்ற எடிட்டரைப் பார்த்து, நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் தன் அமிகா கம்ப்யூட்டருக்காகச் செய்துகொண்டது; 1991-ல் வெளியே விட்டார். 'வீ-ஐயின் நகல்' என்ற அர்த்தத்தில் முதலில் பெயர் வைத்தவர், பிறகு தைரியம் வந்து 'மேம்பட்ட வீ-ஐ' என்று விரிவாக்கத்தை மாற்றிக்கொண்டார். சுருக்கம் அப்படியே பொருந்திவிட்டது. இதற்கு மவுஸ் வேண்டாம். அம்புக்குறிக் கட்டைகள்கூட வேண்டாம்; எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகள்தான் இடம், கீழ், மேல், வலம். பில் ஜாய் வேலை பார்த்த டெர்மினலில் அம்புக்குறிகளை அந்த நான்கு எழுத்துகளின் மேல்தான் அச்சடித்திருந்தார்கள். அந்த டெர்மினல் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. பழக்கம் மட்டும் என் விரலில் தங்கிவிட்டது. விம்மை விட்டு வெளியே வருவது எப்படி என்று ஒருவர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். நான் வெளியே வரும் வழி தெரிந்தும் உள்ளேயே இருப்பவன்.

விம்முக்குக் காசு கிடையாது. வெறுமனே திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று திரையின் நடுவே ஒரு வரி வரும். மூலெனார் 1994-ல் உகாண்டாவின் கிபாலேயில் தண்ணீர், சுகாதார வேலைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். விம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்ட விலை. 2023 ஆகஸ்டில் காலமானார். அந்த வரியை என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒருநாள் படித்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "உகாண்டா இருக்கட்டும். உங்க குழந்தைக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை."

சரி, சங்கதிக்கு வருகிறேன். எடிட்டரில் எழுதுவது சுலபம். எந்த ஃபைலில் எழுதவேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள்தான் பாதி ஆயுள் போய்விடுகிறது.

காலேஜில் இந்தத் தொல்லை இல்லை. லேப்பில் நீலத்திரை டர்போ சி. பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது டாஸின் சட்டம். நீங்கள் பெயர் வைக்காவிட்டால் அதுவே 'நோநேம்00' என்று வைத்துக்கொள்ளும். எங்கள் வகுப்பில் அறுபது பேர்; அறுபது பேருடைய ப்ரோக்ராமும் நோநேம்00. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்ட ஆசிரியர், ஒரே ப்ரோக்ராமை அறுபது தடவை பார்ப்பதாக நினைத்திருப்பார். நினைத்தது சரிதான்.

இப்போது நான் வேலை பார்க்கும் ப்ராஜெக்டில் ஃபைல்கள் ஆயிரக்கணக்கில். எழுதியவர்களில் பாதிப்பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். 'இண்டெக்ஸ்' என்ற பெயரில் ஊர்ப்பட்ட ஃபைல்கள். 'யூட்டில்ஸ்' என்று ஒன்று, 'ஹெல்பர்ஸ்' என்று ஒன்று, அவை இரண்டுக்கும் பிறந்ததுபோல 'யூட்டில்ஸ்-ஹெல்பர்' என்று ஒன்று. இந்தக் காட்டில் வேண்டிய ஃபைலைச் சட்டென்று எடுத்துக் கொடுக்க ஒரு நல்ல கருவி வேண்டும் என்று நான் தேட ஆரம்பித்தது கல்யாணமான வருஷம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாமனாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்.எம்.எஸ். என்பார்கள். ஓடுகிற ரயிலில், தபால் பெட்டியில், நின்றுகொண்டே ராத்திரி முழுக்கக் கடிதங்களைப் பிரித்துச் சுவரிலுள்ள சதுர அறைகளில் எறிகிற உத்தியோகம். எந்தக் கிராமத்துக்கு எந்தத் தபாலாபீஸ், அதற்கு எந்த ஜங்ஷனில் பை இறக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் வேலைக்குச் சேர்ந்தது 1970. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அந்த இரண்டு வருஷத்துப் பெருமையை இன்றுவரை விடவில்லை. "நம்பரைப் பார்த்துப் போடறதுக்கு ஆள் எதுக்கு மாப்பிள்ளை?" என்பார். இப்போது அவரும் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் என் பின்னால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

முதல் கருவி விம்மோடு கூடவே வருவது: நெட்-ஆர்-டபிள்யூ. சார்லஸ் கேம்ப்பெல் என்பவர் எழுதியது. பெயரில் 'நெட்' இருப்பதற்குக் காரணம், வெளியூர்க் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை இங்கிருந்தே படித்து எழுதத்தான் அது பிறந்தது. வந்ததுதான் வந்தாய், உள்ளூர் ஃபோல்டரையும் பார்த்துக்கொள் என்று அதையும் தலையில் கட்டிவிட்டார்கள். சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் அண்டாவைப் போல அது. யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை, யாரும் தூக்கிப் போடவும் மாட்டார்கள். இதில் சின்ன 'டி' அழுத்தினால் புது ஃபோல்டர் உண்டாகும். பெரிய 'டி' அழுத்தினால் இருப்பது அழியும். படைத்தலுக்கும் அழித்தலுக்கும் நடுவே ஒரு ஷிஃப்ட் கட்டைதான் தூரம். புது ஃபைல் வேண்டுமென்றால் சதவிகிதக் குறி. ஏன் என்று கேட்காதீர்கள். ஒருநாள் என் மகள் கேப்ஸ் லாக்கை அழுத்திவிட்டுப் போயிருந்தாள். நான் ஃபோல்டர் உண்டாக்குவதாக நினைத்துக்கொண்டு டி-யை அழுத்த, அது நிஜமாகவே அழிக்கட்டுமா, ஆமாம், இல்லை, எல்லாம், வேண்டாம் என்று பண்போடு கேட்டது. சாப்பாட்டு மேஜையில் கேட்கிற கேள்வி என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது, "எல்லாம்" என்றேன். பழைய பிரதிகளைக் காப்பாற்றி வைக்கும் கிட் என்று ஒன்று இருக்கிறதோ, பிழைத்தேனோ.

அப்புறம் நெர்ட்ட்ரீ. திரையின் இடது ஓரத்தில் முப்பத்தொரு எழுத்து அகலத்துக்கு ஒரு மரம் நிற்கும். கிளையைத் தட்டினால் விரியும், மறுபடி தட்டினால் சுருங்கும். மொத்த ப்ராஜெக்டும் கண்முன்னால் இருப்பதில் ஒரு சுகம். ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிவைத்த பொம்மைகளைப் பார்க்கிற சுகம். பொம்மையை எடுத்து விளையாடியவன் யாரும் இல்லை. அதுபோல நானும் அந்த மரத்தை நாள் முழுக்க விரிப்பதும் சுருக்குவதுமாக இருந்தேன், அதன் வழியாக ஃபைல் திறந்தது குறைவு. ஒருதரம் வேரின் மேல் நின்றுகொண்டு பெரிய 'ஓ' அழுத்திவிட்டேன். உள்ளே இருக்கிற எல்லாக் கிளையையும் அடிவரைக்கும் விரி என்று அர்த்தம். உள்ளே நோட்-மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டர் இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் ஆட்களுக்கு அதைச் சொல்ல வேண்டாம்; மற்றவர்களுக்கு, பரணைத் திறந்ததும் தலையில் கொட்டுமே, அது. திரை உறைந்தது. நான் எழுந்துபோய்க் காப்பி போட்டு, ஆற்றி, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். மரம் இன்னும் விரிந்துகொண்டிருந்தது.

இந்த மர மயக்கத்தில் இருந்த நாட்களில்தான் வீட்டு பீரோவையும் சீர்திருத்தக் கிளம்பினேன். கெட்டி அட்டை ஃபைல்களாகப் பார்த்து வாங்கி, முதுகில் லேபிள் ஒட்டினேன். வங்கி, வண்டி, வரி, வீடு, வேலை, வைத்தியம். எல்லாமே 'வ'வில் அமைந்துபோனது தற்செயல். அகர வரிசை எவ்வளவு அழகாக வந்தது என்றால், பொருந்தாமல் நின்ற 'பள்ளிக்கூட'த்தையும் 'வகுப்பு' என்று மாற்றி உள்ளே இழுத்துக்கொண்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. லேபிள்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி தெரியுதே" என்றாள். கிட்டே வந்து பார்த்தால் தெரியும் என்றேன்.

மரத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு பொருள் ஒரு கிளையில்தான் தொங்க முடியும். சொத்து வரி ரசீது வீடா, வரியா? வீட்டுக் கடன் தவணை வீடா, வங்கியா? வண்டி இன்ஷூரன்ஸை வண்டியில் வைப்பதா, விபத்து நடந்த அன்றைக்குத் தேடப்போகிற வைத்தியத்தில் வைப்பதா? இதற்காக ஒரு உபாயம் செய்திருந்தேன். எதிர்பார்க்கிற இடத்தில் பொருள் இல்லையென்றால், எங்கே இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டு. லினக்ஸில் இதை சிம்பாலிக் லிங்க் என்போம்.

ஒரு வேலை நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு மனைவி வந்து சொத்து வரி ரசீது வேண்டும் என்றாள். ஆட்டோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. எத்தனை மாதமாகக் காத்திருந்தேன் இந்த வாய்ப்புக்கு! 'வீடு' ஃபைலைக் கம்பீரமாகத் திறந்தேன். உள்ளே சீட்டு: வரி பார்க்கவும். வரியைத் திறந்தேன். சீட்டு: வங்கி பார்க்கவும். அதுவும் நியாயம்தான், கடனுக்காக ஒருமுறை நகல் கேட்டிருந்தார்கள். வங்கியைத் திறந்தேன். என் கையெழுத்திலேயே, அடிக்கோடு போட்டு: வீடு பார்க்கவும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் லிங்க்குகளை லினக்ஸ் நாற்பது வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விரிக்கும். என் மனைவி மூன்றாவதிலேயே விரித்துவிட்டாள்.

மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே கையை விட்டு, பார்க்காமலேயே, மேலிருந்து இரண்டாவது காகிதத்தை உருவினார். சொத்து வரி ரசீது.

அந்த மஞ்சப்பையில் லேபிள் கிடையாது, வரிசை கிடையாது, கிளை கிடையாது. பென்ஷன் சீட்டு, காஸ் பில், லேப் ரிப்போர்ட், யாரோ வீட்டுக் கிரகப்பிரவேச அழைப்பிதழ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. எடுத்ததைத் திரும்ப வைக்கும்போது மேலே வைப்பார், அவ்வளவுதான் முறை. அடிக்கடி வேண்டியது தானாகவே மேலே மிதக்கும், வேண்டாதது அடியில் போய்ப் படியும். எங்கள் ஆட்கள் இதற்குக் கடைசியாகப் பயன்படுத்தியவற்றின் பட்டியல் என்று பெயர் வைத்து, அதற்குத் தனியாக ப்ளகின் என்ற துணைக் கருவி எழுதி, அதன் வேகத்தைப் பற்றி ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஜவுளிக்கடையில் சும்மா கொடுத்த பை.

அன்றோடு மரத்தின் மேல் வெறுப்பு வந்தது. எனக்கு மட்டுமில்லை. திரையை ஜன்னல் ஜன்னலாகப் பிரித்து வேலை செய்கிற விம்மின் போக்கும், ஓரமாக நிரந்தரமாய் நிற்கும் மரமும் எண்ணெயும் வினிகரும் போல ஒட்டாதவை என்று ட்ரூ நீல் என்பவர் ஏற்கனவே எடுத்துச் சொல்லியிருந்தார். டிம் போப் அதைப் பிடித்துக்கொண்டு 'வினிகர்' என்றே ஒரு ப்ளகின் எழுதினார். பழைய அண்டாவையே புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியது மாதிரி. ஒரு சிறு கோடு அழுத்தினால் ஃபைல் இருக்கும் ஃபோல்டர் அதே ஜன்னலில் திறக்கும், இன்னொரு கோட்டுக்கு அதற்கும் மேல் ஃபோல்டர். வினிகர் வந்தால் எண்ணெய் வராமல் இருக்குமா? சில வருஷம் கழித்து 'ஆயில்' வந்தது. அதில் ஃபோல்டரே ஒரு காகிதம் போலத் திறக்கும். ஃபைல் பெயரை அடித்துத் திருத்திச் சேமித்தால் பெயர் மாறும், வரியை நீக்கிச் சேமித்தால் ஃபைல் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரின் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், இதை நாங்கள் அந்தக் காலத்திலேயே செய்துவிட்டோம் என்பார்கள். எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் உண்மையாக இருந்துவிடும்.

நடுவே இன்னொரு கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. மரமும் வேண்டாம், ஃபோல்டரும் வேண்டாம். பெயரில் நாலு எழுத்து அரைகுறையாக அடி, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற கட்சி. மேக் கம்ப்யூட்டரில் டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டரில் கமாண்ட்-டி அழுத்தினால் இப்படி வரும். அதைப் பார்த்து விம்முக்கு 'கமாண்ட்-டி' என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. அதற்கு ரூபி என்ற மொழி உள்ளே சேர்த்துக் கட்டிய விம் வேண்டும். ஒரு தீபாவளி விடுமுறை முழுக்க நான் விம்மைக் கட்டினேன். வெளியே வெடிச் சத்தம். உள்ளே, ரூபியின் ஒரு பதிப்புக்கும் இன்னொரு பதிப்புக்கும் ஒத்துவராமல், கொடிய சமிக்ஞை ஒன்று பிடிபட்டது என்று அறிவித்துவிட்டு விம் வெடித்தது. பிறகு கண்ட்ரோல்-பி, சொந்தச் சரக்கிலேயே செய்தது, ரூபி வேண்டாம். அப்புறம் 2013-ல் கொரியாக்காரரான ஜுனகுன் சோய் எழுதிய எஃப்-இசட்-எஃப். அது விம்முக்குள்ளும் வேலை செய்யும், வெளியே டெர்மினலிலும் செய்யும்.

இந்த அரைகுறைத் தேடலை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கு விளக்கினேன். நீங்கள் அடிக்கிற எழுத்துகள் பெயரில் அதே வரிசையில் இருந்தால் போதும், நடுவே எத்தனை எழுத்து விட்டுப்போனாலும் பரவாயில்லை. ஒரு சொல்லின் தொடக்கத்தில் பொருந்தினால் மதிப்பெண் கூடும், அடுத்தடுத்துப் பொருந்தினாலும் கூடும், இடைவெளி விழுந்தால் குறையும். கடைசியில் அதிக மதிப்பெண் வாங்கியது மேலே வரும். ஆயிரக்கணக்கான பெயர்களில் கண்ணிமைக்கிற நேரத்தில் செய்துவிடும் என்றேன்.

அவர் அசரவில்லை. "மழையில நனைஞ்ச கார்டு வரும் மாப்பிள்ளை. மையெல்லாம் கலைஞ்சிருக்கும். கு இருக்கும், நடுவுல கோ இருக்கும், கடைசியில ம் இருக்கும். கும்பகோணம் பையில போட வேண்டியதுதானே? இதுக்கு என்ன மார்க்கு?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "ஏங்க, அந்த அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்."

மாமனார் எழுந்துபோனார். பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அதுதான் வேண்டியிருந்தது. நாலு எழுத்துகூட இல்லை, 'அந்த அது'. எந்தக் கொரியாக்காரராலும் இதைச் செய்ய முடியாது. நான் போயிருந்தால் தேங்காய்த் துருவியோடு திரும்பியிருப்பேன், அதற்கும் முன்னால் "எது?" என்று இரண்டு தடவை கேட்டிருப்பேன்.

இதற்குள் விம் குடும்பத்திலேயே பாகப்பிரிவினை. 2014-ல் நியோவிம் தனிக்குடித்தனம் போனது. நானும் கூடவே போனேன். அங்கே புது ப்ளகின்கள் பெரும்பாலும் லுவா என்ற மொழியில். பழைய சாமான்களை எல்லாம் போட்டுவிட்டு, புதிதாக டெலஸ்கோப் வாங்கினேன்; தேடவும் செய்யும், தேடிக் கிடைத்த ஃபைலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே முன்னோட்டமும் காட்டும். அதற்குள் தேடுவதற்கு ரிப்கிரெப். அடிக்கடி போகிற நாலு ஃபைல்களைக் குத்தி வைத்துக்கொள்ள ஹார்பூன். ஒரு ராத்திரி போனில் நண்பனிடம், "ஆயில் போட்டாச்சு, டெலஸ்கோப்பும் இருக்கு, இன்னும் ஹார்பூன் மட்டும் சரியா உட்காரல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஹார்பூன் என்றால் என்ன என்று மாமனார் பேத்தியிடம் கேட்டிருக்கிறார். திமிங்கலத்தைக் குத்துகிற ஈட்டி, தாத்தா, என்று அவள் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேலையில் ஏதாவது பிரச்சினையா, கடலுக்குப் போகிற அளவுக்கு என்ன கஷ்டம் வந்துவிட்டது என்று கேட்டு, தன் பென்ஷனில் கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பதாக மெல்லச் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு சிறு தொகை அப்போது வாங்கியும்கொண்டேன்.

என் எடிட்டர் அமைப்புகளை எழுதிவைக்கும் ஃபைல் இந்த வகையில் வளர்ந்து வளர்ந்து தொள்ளாயிரம் வரியைத் தாண்டியது. ஒரு வாரம் எந்தெந்த ஃபைலை எத்தனை முறை திறக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். முதலிடத்தில் இருந்தது அந்த அமைப்பு ஃபைல்தான். ஆபீஸ் ஃபைல்கள் அதற்குப் பிறகு, அதுவும் மொத்தம் ஏழே ஏழு. ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள ஊரில் பால்காரர் ஏழு வீட்டுக்குத்தான் ஊற்றுகிறார்; அதற்கு அவர் ஹெலிகாப்டர் வாங்கியிருக்கிறார்.

பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. பணம் செலுத்துகிற பகுதியில் ஒரு பிழை. வீடியோ மீட்டிங்கில் மேனேஜர், கிளையன்ட், டீம் எல்லாரும். "அந்த ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்க, ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க" என்றார் மேனேஜர். எனக்கு இது கச்சேரி மேடை. எல்லாரும் மவுஸைப் பிடித்துத் தடவுகிற உலகில், இரண்டே தட்டில் ஃபைல் திறப்பதை அவர்கள் பார்க்கட்டும். டெலஸ்கோப்பை அழைத்தேன். 'பேமெண்ட்' என்று அடிக்க வேண்டும். பி, ஏ என்று முதல் இரண்டு எழுத்தை அடித்தேன். அப்போதுதான் கவனித்தேன், எடிட்டரை ப்ராஜெக்ட் ஃபோல்டரில் திறக்கவில்லை. என் சொந்த வீட்டு ஃபோல்டரில் திறந்திருக்கிறேன். திரையில் பட்டியல் வந்தது. பேரன்ட்ஸ்-மீட்டிங்-சாக்கு. பாக்கி-மாமா. பேப்பர்-ஃபைனல்-3.

ஐ.டி. பாஷையில் பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா செய்வது என்று உங்களுக்குத் தெரியும். பதற்றத்தில் மேலே போவதற்குப் பதில் கீழே போய், சரியாக மூன்றாவதில் நின்றேன். டெலஸ்கோப் தன் கடமையைச் செய்தது. முன்னோட்டத்தில், பதினாலு பேர் முன்னிலையில், மதிப்பிற்குரிய என்று தொடங்கி மேனேஜர் பெயரோடு முழுக் கடிதமும் விரிந்தது.

யாரும் பேசவில்லை. கடைசியில் மேனேஜர்தான் பேசினார். "இங்கிலீஷ் நல்லா இருக்கு. தேதி 2021-ன்னு இருக்கு பாருங்க. அனுப்பறதா இருந்தா மாத்திடுங்க."

பிறகு போன வருஷம் சேர்ந்த ஒரு பெண், வி.எஸ். கோடு என்ற எடிட்டரில் கண்ட்ரோல்-பி அழுத்தி, நான் 'மன்னிக்கவும்' என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த ஃபைலைத் திறந்துவிட்டாள். மவுஸைத் தொட்டாள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அன்று ராத்திரி பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, எல்லா ப்ளகினையும் பிடுங்கிப் போட்டேன். மொட்டை விம்முக்குள் உட்கார்ந்து அதன் உதவிப் பக்கங்களைப் படித்தேன். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. கர்சர் நிற்கிற இடத்தில் ஒரு ஃபைல் பெயர் இருந்தால், ஜி, எஃப் என்று இரண்டு எழுத்து அடித்தால் போதும், அந்த ஃபைல் திறந்துகொள்கிறது. கண்ட்ரோலோடு ஆறாம் எண் அழுத்தினால் இப்போதிருக்கும் ஃபைலுக்கும் இதற்கு முன் இருந்ததற்கும் மாறி மாறிப் போகலாம். எம் என்று அடித்து ஒரு பெரிய எழுத்தைச் சொன்னால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறது. எந்த ஃபைலில் இருந்தாலும் ஒற்றை மேற்கோள் குறியோடு அதே எழுத்தைச் சொன்னால் அங்கே கொண்டுவிடுகிறது. என் ஏழு ஃபைலுக்கு இதுவே தாராளம். எதையும் வாங்கியிருக்கவே வேண்டாம். மஞ்சப்பை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்று வாரம் சுத்தபத்தமாக இருந்தேன். முந்தாநாள் ராத்திரி பதினோரு மணிக்கு, சும்மா பார்க்கலாமே என்று புதிதாக ஒன்றை எடுத்தேன். தேடலும் இருக்கிறது, மரமும் இருக்கிறது, இன்னும் என்னென்னவோ இருக்கிறது. பெயர் ஸ்நாக்ஸ். நான் வைத்த பெயர் இல்லை, நிஜமாகவே அதுதான் பெயர். உட்கார்ந்துவிட்ட சந்தோஷத்தில் நண்பனுக்குப் போன் போட்டு, "ஸ்நாக்ஸ் போட்டுட்டேன், சூப்பரா இருக்கு" என்றேன்.

பின்னால் கதவு திறந்தது. மாமனார் நின்றுகொண்டிருந்தார். "என்ன ஸ்நாக்ஸ் மாப்பிள்ளை?"

அவருக்குச் சர்க்கரை, கொதிப்பு இரண்டும் உண்டு. மாமியார் பலகாரத்தை ஒளித்து வைத்துத்தான் காப்பாற்றுகிறார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, அது ஒரு ப்ளகின் மாமா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேருமாகச் சத்தம் போடாமல் சமையலறைக்குப் போனோம். வரிசையாக ஒரே மாதிரி டப்பாக்கள். முறுக்கு எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் முதல் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு.

அவர் விளக்கைக்கூடப் போடவில்லை. மேல் தட்டு, ரவை டப்பாவுக்குப் பின்னால், இடமிருந்து மூன்றாவது.